நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

உயர்தரப் பரீட்சையில் மருத்துவபீடத்துக்குப் போதுமான புள்ளிகள் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் உருத்திரபுரத்து வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பொறுக்க முடியாமல் அப்பா ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார். முழுமையான போசாக்கு பற்றிய ஒரு வருடப் பயிற்சி, கிளிநொச்சியில்.

"போசாக்கு எண்டால் என்ன, சமையல் படிப்பே?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா, அது வேற" என்றேன். எது வேறு என்று எனக்கும் தெரியாது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் கிடைப்பதே பெரிய பாடாக இருந்த காலம். நாங்கள் பதினெட்டுப் பெண்கள். பழைய கொப்பிகளில் மிஞ்சிய தாள்களைத் தைத்து அதில்தான் குறிப்பெழுதினோம். முதல் மாதம் முழுக்க அட்டவணைகள். அப்பிளில் என்ன இருக்கிறது, பாலாடைக்கட்டியில் என்ன இருக்கிறது என்று பாடமாக்கினோம். பாலாடைக்கட்டியை எங்களில் ஒருத்தியும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்போம். நான்தான் வகுப்பில் முதல். அந்தக் கெட்டித்தனத்தோடுதான் வெளிக்கள வேலைக்குப் போனேன்.

எனக்குக் கிடைத்தது வட்டக்கச்சியில் ஐந்து வீடுகள். இரண்டு வாரம் நாள்தோறும் போய், "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டு எழுத வேண்டும். காலை பத்து மணிக்குச் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, கொப்பியும் பேனையுமாக நிற்பேன். பெண்கள் முகம் மலரப் பதில் சொன்னார்கள். முருங்கையிலை வறை, முட்டை, பயறு, மோர். என் கொப்பியைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. வட்டக்கச்சியில் போசாக்குக் குறைபாடே இல்லை என்று முடிவுரையும் எழுதிவிட்டேன்.

ரீச்சர் கொப்பியைப் புரட்டினார். எங்களுக்குப் படிப்பித்தவர் அவர் ஒருவர்தான். அதிகம் கதைக்க மாட்டார்.

"செவ்வாய்க்கிழமை அஞ்சு வீட்டிலயும் முட்டையும் முருங்கையிலையுமோ?"

"ஓம் ரீச்சர்."

"புதன்கிழமையும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது சுட்டது. வகுப்பே சிரித்தது, ரீச்சரும்தான்.

அடுத்த நாள் நேரே கடைசி வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, வயல்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து வந்தவர். மூன்று பிள்ளைகள். ஐவரில் என்னோடு கூடுதலாகக் கதைப்பவர் அவர்தான்.

"அக்கா, எனக்குப் பொய்தானே சொன்னனீங்கள்?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பொய்யெண்டு சொல்லாதேங்கோ தங்கச்சி. முட்டையெண்டு சொன்னால் உங்கட முகத்தில ஒரு வெளிச்சம் வரும். அதைப் பாக்க ஆசையில நாங்கள் எல்லாரும் கதைச்சு வைச்சுச் சொன்னனாங்கள்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உண்மை வேணுமெண்டால் கொப்பியை வைச்சிட்டு இண்டைக்கு முழுக்க இஞ்ச இருங்கோ" என்றார்.

இருந்தேன். குசினியில் வெங்காயம் உரித்தேன், கீரை ஆய்ந்தேன். அக்கா விடியவே எழும்பிப் புட்டவித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். தனக்கு வெறுந்தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும். பத்து மணிக்கு இன்னொரு தேத்தண்ணி. மதியம் சோறு, குளத்து மீன் குழம்பு, பொன்னாங்காணி வறை. அட்டவணைப்படி குறை சொல்ல முடியாத சாப்பாடு. கணவர் வயலால் வந்து சாப்பிட்டார்; பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டார்கள்; எனக்கும் போட்டுத் தந்தார். மூன்று மணிபோல அக்கா சட்டிக்குள் சோற்றைப் போட்டு, ஒட்டியிருந்த குழம்போடு பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டார். மீனும் இல்லை, கீரையும் இல்லை. பிறகு திரும்பவும் தேத்தண்ணி.

முதல் வாரமே அவர் தலைசுற்றுது என்று சொல்லியிருந்தார். நானும் பெரிய மனுசியாக, "கீரை சாப்பிடுங்கோ அக்கா" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் தினமும் கீரை சமைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்!

முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்த கணவரிடம் போனேன். "அண்ணை, அக்காவுக்கு மீன் மிஞ்சேல்லை. தெரியுமோ?"

அவர் நிமிர்ந்தார். "அவள் முதலே சாப்பிட்டிடுவாள் எண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

"கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருசம்" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஒருக்கால் கேட்டிருக்கலாம்."

மனிதர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். அடுத்த நாள் மதியம் நான் போனபோது, குசினி வாசலில் பாயைப் போட்டு, சட்டிகளை நடுவில் வைத்து, அக்காவையும் இருத்தி வைத்திருந்தார். கறி பரிமாறியது அவர்தான். தேத்தண்ணி கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது என்பதால், அதைச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னது மட்டும் என் பங்கு. முதல் மீன் துண்டு யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை பிடிக்க, அவர் அதை எடுத்து அக்காவின் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மற்றப் பக்கம் திரும்பியிருந்து சாப்பிட்டார். சில கிழமைகளில் தலைசுற்று நன்றாகக் குறைந்துவிட்டது என்றார்.

என் அறிக்கையை முழுதாகத் திருப்பி எழுதினேன். அட்டவணை ஒரு பக்கத்தோடு முடிந்தது. யார் எப்போது சாப்பிடுகிறார், யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதே மீதி. ரீச்சர் வாசித்துவிட்டு, "இப்பதான் நீர் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்" என்றார். மருத்துவபீடம் கிடைக்காத துக்கம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை.

அந்த உற்சாகத்தோடு வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்தேன். "இண்டைக்கு எல்லாரும் சேந்துதான் சாப்பிடுறம்."

"நானும் இருந்தால் ஆர் போடுறது?"

"அவையவை போட்டுச் சாப்பிடட்டும்."

அம்மா அரைமனதோடு பாயில் வந்து இருந்தார். அப்பா அகப்பையை எடுத்து, தேங்காய்ப்பால் சொதியைப் பாதி சோற்றிலும் பாதி பாயிலும் ஊற்றினார். அம்மா துணி எடுக்க எழும்பினார். தம்பி மறிக்க, திரும்ப இருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொதிக்கு உப்புக் காணாது. இவ்வளவு நாளும் சாப்பிட்ட ஒருத்தரும் எனக்கு ஏன் சொல்லேல்லை?"