நிலாவைத் திருப்பி அனுப்பிய ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் பேரன் என்னை ஒரு படத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். வானத்திலிருந்து ஒரு பாறை வந்து விழுந்து உலகம் அழிகிற படம். குளுகுளு அரங்கு, மெத்தை நாற்காலி, காதைப் பிளக்கும் சத்தம். திரையில் ஊர் ஊராகக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலிப் பிள்ளை சோளப்பொரியை மென்றுகொண்டே கொட்டாவி விடுகிறான். நான்தான் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது தாத்தா, பயப்படாதீங்க" என்றான் பேரன். எனக்கா பயம்? ஒரு கொட்டகை ஜனத்தையே கடற்கரைக்கு ஓடவிட்டவன் நான். அவனிடம் சொன்னால் நம்பமாட்டான். நீங்களாவது நம்புங்கள்.

அந்தச் சோளப்பொரி வாசனைதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. எங்கள் கொட்டகையில் மல்லாட்டை வாசனை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. சுடச்சுட வறுத்த மல்லாட்டை, பெண்கள் பக்கத்திலிருந்து மல்லிகை, முன்வரிசை மணல் தரையிலிருந்து கருவாடு, இவற்றுக்கு மேலே மெஷின் அறையிலிருந்து வரும் கரித்துண்டு எரிகிற நெடி. நான்கும் சேர்ந்தால்தான் எனக்குச் சினிமா. இன்றைய அரங்குகளில் அடிக்கிற செண்டு வாசனையில் கதையே புரிவதில்லை.

புதுச்சேரியில் பேசும் படம் வந்த புதிது. படங்கள் பிரெஞ்சில் பேசும். பார்க்க வந்தவர்களோ தமிழில் மட்டும் பேசுகிறவர்கள். நான் பிரெஞ்சுப் பள்ளியில் ப்ரெவே பரீட்சை தேறிவிட்டு, சர்க்கார் உத்தியோகம் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தெருவை அளந்துகொண்டிருந்தேன். கொட்டகை முதலாளி கூப்பிட்டு, கையில் ஒரு தகரக் குழலைக் கொடுத்து, திரைக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார். பிரெஞ்சில் பேசப் பேச நான் தமிழில் கத்த வேண்டும். ஊரில் எனக்கு வந்த பட்டம் "கத்தறவரு". ப்ரெவே படித்ததற்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

அந்தப் பட்டத்தால் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. உபதேசியாரின் மகள் தெரேஸ்மேல் எனக்கு உயிர். உபதேசியார் என்றால், மாதாகோயில் சாமியாருக்கு வலக்கை மாதிரி. ஞாயிறு தவறாமல் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர், பூசையில் ஜெபம் முன்சொல்பவர். எங்கள் அப்பா பெண் கேட்டுப் போனபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "பொம்மப் படத்துக்குக் கத்தறவனுக்கு எம் பொண்ணா? வேற எடம் பாருங்க." அப்பா வீட்டுக்கு வந்து என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெயர் மறந்துவிட்டது. கி.பி. இரண்டாயிரத்தில் நடக்கிற கதை என்று சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கடலோரத்தில் கண்ணாடியால் ஒரு நகரம், மாடிக்கு மாடி பறக்கும் வண்டி, நடுவில் ஒரு பெரிய இயந்திரம். அந்தக் காலத்தில் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுப்படம் எது வந்தாலும், சபை ஜனம் பார்க்கலாமா கூடாதா என்று சாமியார் பிரசங்கத்தின் முடிவில் சொல்லிவிடுவார். கூடாது என்றால் கொட்டகையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அவர் படம் பார்க்க வரமாட்டார். தமக்குப் பதிலாக உபதேசியாரை அனுப்புவார். இந்தப் படத்துக்கும் அனுப்பினார், ஞாயிறு மாலை ஆட்டத்துக்கு. உபதேசியார் குடும்பத்தோடு வந்தார். தெரேஸும் வந்தாள். இன்றைக்குச் சரியாகக் கத்தினால் ஒருவேளை மனசு மாறுவார். சொதப்பினால் தெரேஸை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. உபதேசியாருக்கு லத்தீன் ஜெபமெல்லாம் தலைகீழ்ப் பாடம், பிரெஞ்சு அவ்வளவாக வராது. தெரேஸோ கன்னியர் மடத்தில் பிரெஞ்சு படித்தவள். நான் விடுகிற ஒவ்வொரு கப்ஸாவும் அவளுக்குத் தெரிந்துவிடும். பாரிஸ்காரன் பேசுகிற வேகத்துக்கு என் ப்ரெவே ஈடுகொடுக்குமா? பாதி புரியும், மீதியை நான் இட்டுக்கட்டுவேன்.

விளக்கு அணைந்தது. திரையில் முதலில் ஒரு கடற்கரை, ஒரு கலங்கரை விளக்கம், கடலுக்குள் நீண்டு போகும் ஒரு இரும்புப் பாலம். அச்சு அசலாக நம் ஊர்க் கடல் பாலம் மாதிரியே இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, குழலைத் தூக்கி, "இது நம்ம புதுச்சேரி! ரெண்டாயிரத்துல இப்பிடித்தான் இருக்கப்போவுது!" என்று கத்திவிட்டேன். கொட்டகையே எழுந்து நின்றது. "டேய், நம்ம பாலம்டா!" "எங்க தெரு எங்க? தள்ளி நில்லுய்யா, மறைக்குது!" அதற்குப் பிறகு அவர்களை உட்காரவைக்க முடியவில்லை. பறக்கும் வண்டி வந்தபோது ஒருவர் அண்ணாந்து கூரையைப் பார்த்துத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார், "மேலருந்து வெத்தல எச்சி துப்பித் தொலைப்பானுவ" என்று. சுவரில் ஒரு முகம் தோன்றிப் பேசியதும் ஒரு பாட்டன் அதற்கு வணக்கம் சொன்னார். ஒரு மாத்திரையை விழுங்கினால் ஒரு வேளைச் சாப்பாடு என்று நான் சொன்னதும் பெண்கள் பக்கத்தில் ஒரே ரகளை. "சரி, அது சோறு. கொழம்பு எங்க?" என்றாள் ஒருத்தி. "மாமியாருக்கு ஒரு டப்பா வாங்கி வையி" என்றாள் இன்னொருத்தி. எனக்கும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அப்படி ஒரு ஜனத்துக்கு முன்னால் நின்று கத்துவதைவிட வேறென்ன வேண்டும்!

நடுவில் ஒருமுறை உபதேசியார் திரும்பி, தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் இருந்த மகளிடம் கேட்டது எனக்கே கேட்டது. "ஏம்மா, இவன் சொல்றதெல்லாம் சரிதானா?"

நான் குழலை வாயிலிருந்து எடுக்காமல் ஒரு காதை அந்தப் பக்கம் வைத்தேன்.

"ஆமாம்பா. எழுத்துக்கு எழுத்து" என்றாள் தெரேஸ்.

ஐயா, அந்த ஒரு பொய்க்காக நான் அவளுக்கு ஆயுசுக்கும் அடிமை. அதற்குமேல் என்னைப் பிடிக்க முடியுமா? படத்தில் விஞ்ஞானிகள் ஊருக்கு விளக்கு போதவில்லை என்று அந்தப் பெரிய இயந்திரத்தால் நிலாவைப் பக்கத்தில் இழுக்கிறார்கள். நிலா பெரிதாகிக்கொண்டே வருகிறது. திரை முழுக்க நிலா. கடல் பின்வாங்குகிறது, பிறகு மலை மாதிரி எழும்புகிறது. "ஐயோ, புதுச்சேரி போவப்போவுதே! பாலம் போச்சே! படகெல்லாம் போச்சே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு நான் கத்துகிறேன். அலை தலைக்குமேல் நிற்கிறது. சரியாக அந்த நொடியில் ரீல் தீர்ந்து திரை இருண்டுவிட்டது.

எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ரீல் மாற்றச் சற்று நேரம் ஆகும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. முன்வரிசையில் வைத்திக்குப்பத்து மீனவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் கோதண்டம் இருட்டில் எழுந்து, "மரத்த மேல இழுங்கடா!" என்று ஒரு குரல் கொடுத்தார். கட்டுமரங்கள் கரையில் கிடந்தன. அவ்வளவுதான், வாசலில் தொங்கிய கறுப்புத் துணியைக் கிழித்துக்கொண்டு எல்லோரும் கடற்கரைக்கு ஓடினார்கள். அவர்கள் பின்னால் கடலைக்காரர், முதலாளி, மெஷின் ஓட்டுகிற ஆபரேட்டர்கூட.

அன்றைக்குப் பௌர்ணமி என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஓடிப்போய் நின்றால், கடல் விளிம்பில் செக்கச்செவேலென்று, வண்டிச் சக்கரம் அளவுக்கு நிலா எழும்பிக்கொண்டிருக்கிறது.

பாதி ஜனம் கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்தது. மீதி ஜனம் வாயைப் பிளந்தது. உபதேசியார் மணலில் முட்டி போட்டு மன்றாட்டு மாலை ஜெபத்தைத் தொடங்கினார். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் அவர் பின்னால் முட்டி போட்டார்கள். நான் தகரக் குழலோடு ஓடிவந்து, "படம் இன்னும் முடியல! முடியல! நெலாவத் திருப்பி அனுப்பிடுவாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை அழுகைக்கும் ஜெபத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தெரேஸ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மணலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பி அனுப்பறதக் காட்டு" என்றார் கோதண்டம். "பாக்காம நாங்க கடலுக்குப் போமாட்டோம்."

ஆபரேட்டரைத் தேடிப் பிடித்து, ஜனத்தைக் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே கொண்டுவருவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. கடைசி ரீலில் விஞ்ஞானிகள் இயந்திரத்தை மறுபக்கம் சுழற்றுகிறார்கள். நிலா சிறுத்து மேலே போகிறது. "போ! போ!" என்று கொட்டகையே கையை வீசி விரட்டியது. முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சரிபார்க்க மறுபடியும் கடற்கரைக்கு ஓடினார்கள். அதற்குள் நிஜ நிலா நன்றாக மேலே ஏறி, வெளுத்து, சின்னதாகிவிட்டிருந்தது.

"போயிடுச்சிடா! சின்னதாயிடுச்சி!" என்று கோதண்டம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். விசில் என்ன, குலவை என்ன! நிலாவை நானே கையால் தள்ளிவிட்ட மாதிரி ஆளுக்கு ஆள் என் முதுகில் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் உபதேசியார் வேட்டியில் மணலைத் தட்டியபடி வந்தார். என் முகத்தையே பார்த்தார். "முப்பது வருஷமா இந்த ஊர முட்டி போட வைக்க நாயா கத்தறேன். ஒருத்தன் போடல. நீ ஒரு தகரத்த வச்சிக்கினு எல்லாரையும் போட வச்சிட்ட. என்னையும்தான்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சாமிகிட்ட நல்ல படம்னே சொல்லிடறேன். நாளைக்கி ஒங்கப்பாவ வரச் சொல்லு."

கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தெரேஸ் என்னை விடமாட்டாள். "என்னங்க, வெளிச்சம் கண்ணக் கூசுது. கொஞ்சம் திருப்பி அனுப்புங்களேன்" என்பாள். நானும் வாயில் கையைக் குவித்துக் கத்துவேன். அவள் சிரிப்பாள். எத்தனை வருஷம் ஆனாலும் அதே மணல்மேட்டுச் சிரிப்பு.

இதோ, நான் கத்திய ரெண்டாயிரமும் வந்துவிட்டது. கண்ணாடி நகரம் வரவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் லாட்ஜ் இருக்கிறது. இரும்புப் பாலத்தைப் புயல் கொண்டுபோய்விட்டது. கட்டுமரங்களை இழுத்துப்போட்ட மணலைக் கடலே தின்றுவிட்டு, இப்போது கருங்கல் பாறைகளில் மோதிக்கொண்டிருக்கிறது. பேரனோடு படம் பார்த்துவிட்டு அந்தப் பாறை ஓரமாக நடந்துவந்தேன். பௌர்ணமி. செக்கச்செவேலென்று, அதே அளவு, அதே இடத்தில் நிலா எழும்பியது. ஜனங்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்றார்கள். ஒருவரும் ஓடவில்லை.

"படம் இன்னும் முடியல" என்று கத்த எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்டுச் சிரிக்க அவள் இல்லை.