எதிர்வண்டிக்கு ஒரு விரல்

பூட்ஸ் கால்களோடுதான் நோலீன் படுக்கிறாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு கட்டில். கழுத்துவரை போர்வை, அதற்கு வெளியே குதிகால் தேய்ந்த இரண்டு பூட்ஸ். படுத்தவுடன் இடது கையைச் சுவரில் அப்பிவிடுவாள், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் கை வைப்பதுபோல. டயர்கள் தார்ச்சாலையில் ஓடும்வரை சுவர் ஒரே சீராக அதிரும். சாலையோரச் சரளையில் இறங்கினால் அதிர்வு மாறும். மாறிய நொடியில் எழுந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பூட்ஸைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

"ஏய் கிழவி, தூங்கிட்டியா?" என்று முன்னாலிருந்து மெர்வ் கேட்பான்.

"தூங்கிட்டேன்" என்பாள்.

அவன் சிரிப்பான். முப்பது வருடப் புருஷன். அவள் சொல்வதைப் பாதி கேட்டு, மீதிக்குச் சிரித்தே காலம் தள்ளியவன்.

அடிலெய்டிலிருந்து பெர்த், பெர்த்திலிருந்து அடிலெய்டு. பின்னால் கோத்த இரண்டு டிரெய்லர்களிலும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் குளிரில் உட்கார்ந்து வரும். ஒருவர் ஓட்ட, மற்றவர் தூங்க, சக்கரம் நிற்பதில்லை. ஆள் மாறும் நேரத்தில் குடிக்கிற ஒரு டீதான் இவர்களுடைய குடித்தனம். ஆனால் அந்த ஒரு டீயில் பேசிச் சிரித்துக்கொள்வதை, ஊரில் நாள் முழுக்க ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் தம்பதிகள் மாதக்கணக்கில் பேசிக்கொள்ள மாட்டார்கள். வீட்டை விற்றுத்தான் இந்த லாரியை வாங்கினார்கள். மகள் டார்வினில் இருக்கிறாள். போனால் சோறு போடுவாள், மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்ப்பாள்.

நோலீன் எப்போதும் இப்படிப் பயந்து சாகிறவள் இல்லை. முன்பெல்லாம் கும்பகர்ணனுக்குக் கூடப் பிறந்தவள். ஒருமுறை மெர்வ் கங்காருவை இடித்து, விளக்கு உடைந்து, இறங்கி அதைக் கட்டிச் சரிசெய்து, மறுபடி கிளம்பியதுவரை எதுவுமே தெரியாமல் குறட்டை விட்டவள். எழுந்ததும், "விளக்கை யாரு ஒடச்சது?" என்று அவனையே அதட்டினாளாம். ரோட்டுக்கடைகளில் மெர்வ் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உயிரை ஒப்படைக்கிற தொழில் இது. அவள் ஒப்படைத்திருந்தாள்.

போன கோடையில் ஒரு பிற்பகல், அந்த ஒப்படைப்பு முறிந்தது.

நல்லார்பார் சமவெளியில் ஒரு பாட்டை உண்டு. கைகுனா தாண்டினால் பலடோனியா நெருங்கும்வரை வளைவே கிடையாது. ஸ்டீயரிங்கைத் திருப்ப வேலையே இல்லாத அந்த இடத்தில், எதிரே வரும் வண்டிக்கு ஒரு விரலைத் தூக்குவதுதான் ஓட்டுநர்களின் ஒரே உரையாடல். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுப்பதில்லை, ஆள்காட்டி விரல் மட்டும் எழும். தெரிந்தவனோ தெரியாதவனோ, விரல் தூக்காதவன் மனுஷனே இல்லை. மெர்வ் இதில் ராஜா. காரவான் என்கிற சக்கர வீட்டை இழுத்து வரும் ஓய்வு பெற்ற கிழடுகளுக்குக்கூடத் தூக்குவான். அன்றைக்கு நோலீன் கட்டிலில் அரைத் தூக்கத்தில் இருந்தபோது லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ கரகரத்தது. கோரன். இதே பாட்டையில் எதிர்த்திசையில் ஓட்டும் பழைய சிநேகிதன்.

"யோவ் மெர்வ், என்னய்யா ஒரு விரலைத் தூக்கக்கூட வலிக்குதா? பேங்க் மேனேஜர் ஆயிட்டியோ?"

மெர்வ் பதில் சொல்லவில்லை. வாய்க்கு வாய் திருப்பித் தராவிட்டால் தலை வெடித்துவிடும் ஆள். நோலீன் எழுந்து பார்த்தாள். கண் திறந்திருந்தது. கைகள் ஸ்டீயரிங்கில் இருந்தன. உதடு மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது, வாயில் ஒன்றும் இல்லாமல்.

"மெர்வ்."

"மெர்வ்! டேய் மெர்வ்!" என்று தோளை உலுக்கினாள்.

"என்னடி, தூங்கலையா நீ?" என்றான், சாதாரணமாக.

கோரன் கடந்து போனது அவனுக்குத் தெரியவில்லை. வெயில் கண்ணில் அடித்ததாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு ஆரஞ்சுப் பழம் உரிக்கச் சொன்னான். கொஞ்ச தூரத்தில் பலடோனியா வளைவு வந்தது. அழகாகத் திருப்பினான். கண் திறந்தபடியே அவனுக்கு நினைவு தப்பியிருக்கிறது, பாட்டை நேராக இருந்ததால் பிழைத்தோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்துதான் பூட்ஸும், சுவரில் கையும். வாயைத் திறந்தால் லைசென்ஸ் போகும், மூடினால் உயிர் போகும். டாக்டரிடம் போனால் வண்டி போகும், வண்டி போனால் வீடும் போனதுதான். நடுவில் ஒரு வழியாக அவள் கண்டுபிடித்தது தன் உள்ளங்கையை. கையை நம்பிக்கொண்டு கோடையையும் அதற்குப் பின் வந்த மாதங்களையும் ஓட்டிவிட்டாள்.

இன்று கைகுனா ரோட்டுக்கடையில் வண்டியை நிறுத்தினார்கள். மெர்வ் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு டயர்களைத் தட்டிக் காற்றுப் பார்க்கப் போனான். கோரன் சிப்ஸ் பொட்டலத்தோடு நோலீனிடம் வந்தான். அடிலெய்டு பக்கம் போகிற அவன் வண்டியும் அங்கேதான் நின்றது.

"நோலீன், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு. கோவிச்சுக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

"கோடையில ஒருவாட்டி அவன் விரல் தூக்கல. வெயில்னு விட்டுட்டேன். போன வாரமும் தூக்கல." கோரன் சிப்ஸைத் தின்னாமல் விரலால் நசுக்கிக்கொண்டிருந்தான். "வண்டி நடுக்கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்துச்சு. நான் சரளைல எறக்கிட்டேன், தப்பிச்சேன். என்னையே பாத்துக்கிட்டு வந்தான் நோலீன். ஆனா பாக்கல."

நோலீன் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். போன வாரம் சுவர் சீராகத்தான் அதிர்ந்தது. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கமும் தார்தானே. ஓரத்துச் சரளைக்குக் காவல் இருந்தவளுக்கு, எதிரே வருகிறவன் பக்கம் போவது எப்படித் தெரியும்? அன்றைக்குச் சுவரின் சீரை நம்பி நன்றாகத் தூங்கியும் இருந்தாள்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் சொல்லல. ஆனா எதிர்ல வர்றது நாங்கதான் நோலீன். என் தம்பியும் இதே ரோட்டுல ஓட்டறான்."

அவளால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அழுதுவிடக் கூடாதே என்று நேராக லாரிக்கு நடந்தாள். மெர்விடம் கையை நீட்டினாள்.

"சாவி."

"இது என் முறைடி" என்றான் மெர்வ். "நீ ஓட்டினா வெண்ணெய் உருகி நெய்யாயிடும்."

"சாவி, மெர்வ்."

"கோரன் என்ன சொன்னான்?"

"சிப்ஸ்ல உப்பு இல்லையாம்."

அவன் இந்தமுறை சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்தான்.

வண்டி நேர்பாட்டையில் ஏறியதும் சொல்லிவிட்டாள். "பெர்த்ல டாக்டரப் பாக்கறோம்."

"உன் முட்டிக்கா?"

"உனக்கு."

"லைசென்ஸப் புடுங்கிடுவான்."

"புடுங்கட்டும்."

"அப்புறம் எங்க போய்ப் படுப்போம்?"

நோலீன் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டாள். மெர்வுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்ல. வேணும்னா பாரு, எதிர்ல வர்ற ஒரு வண்டியையும் விட மாட்டேன்" என்று வலது கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். ஒரு டேங்கர் வந்தது. டாண் என்று விரல் எழுந்தது. ஒரு காரவான் வந்தது. அதற்கும் எழுந்தது. "எப்படி?" என்றான். அவன் சொல்வது நிஜமாகவே இருந்துவிடக் கூடாதா என்று நோலீனுக்கு ஏக்கமாக இருந்தது.

பலடோனியா பக்கத்திலிருந்து இரட்டை டிரெய்லர் ஒன்று வந்தது. நோலீன் விரலைத் தூக்கினாள். எதிர்வண்டிக்காரனும் தூக்கினான். அவள் அவனைப் பார்க்கவில்லை, மெர்வின் முழங்காலைப் பார்த்தாள். கை அசையவில்லை. கண் திறந்திருந்தது. உதடு மென்றுகொண்டிருந்தது. வண்டி காற்றை அறைந்துவிட்டுப் போயிற்று. கண்ணாடியில் அது புள்ளியாகி மறைந்தது. சாலையில் ஒரு காக்கைகூட இல்லை. தூரத்தில் வளைவு தெரிந்தது.

அப்போதுதான் மெர்வின் விரல் மெல்ல எழுந்தது, யாருமே வராத சாலையைப் பார்த்து.

"பாத்தியா?" என்று அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

நோலீன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி, அதே காலிச் சாலைக்குத் தானும் ஒரு விரலைத் தூக்கினாள்.