தண்ணீர் வேண்டாம் என்றேன்

எங்கள் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் நாங்கள் சுட்ட சுண்ணாம்பைத் தூளாக்கி வெளிநாட்டுத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறோம். ஈரம் பட்டால் அது கொதிக்கும். வாங்குபவர்கள் சரக்கைத் திருப்பிவிடுவார்கள். அதனால் மூட்டை கட்டும் கொட்டிலுக்குள் குடிதண்ணீர்ப் போத்தலைக்கூட நான் விட்டதில்லை.

போன சோளகக் காற்றுக் காலத்தில், மூட்டை கட்டிக்கொண்டிருந்த செல்வியக்காவின் கண்ணில் காற்று ஒரு கை தூளை அள்ளி அடித்தது.

"தம்பி, கண் எரியுது. தண்ணி தாங்கோ" என்றார்.

"தண்ணி வேண்டாம் அக்கா, கொதிச்சிடும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஓட்டோவில் யாழ்ப்பாணம் கொண்டுபோனேன். வழி முழுக்க அவர் தண்ணீர்தான் கேட்டார். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "ஏன் உடனே கழுவேல்லை? கொஞ்சத் தண்ணிதான் சூடேத்தும். நிறைய ஊத்தியிருந்தால் எல்லாத்தையும் கழுவிக்கொண்டு போயிருக்கும்."

அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

இன்று கொட்டிலுக்குள்ளேயே பெரிய தண்ணீர்ப் பீப்பா வைத்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறேன். காலையில் அதை நிரப்புபவர் செல்வியக்கா. சிந்தாமல் ஊற்றுவதற்காக நல்ல கண் பீப்பாவைப் பார்க்கும்படி தலையைத் திருப்பிக்கொள்கிறார். அந்த நேரத்தில் நான் கொட்டிலுக்குள் போவதில்லை.