பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, நின்றவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்வரிசைக்குப் போய்விடுவேன். காகிதம் நம்மைத் திரும்பிப் பார்க்காது என்பதால்தான் துணிந்தேன்.

போன வாரம் மகள் காரில் எண்ணெய்க் குடுவைப் படம் ஒன்று சிவப்பாக வந்தது. பட்டறையில் ஒரு வயரைச் செருகினார்கள், திரையைப் பார்த்தார்கள், "சென்சார்" என்றார்கள். குனியக்கூட இல்லை. நான் மட்டும் பழக்கதோஷத்தில் எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தேன்.

"என்னப்பா, ஊதுவத்தியா அது?" என்றாள் மகள்.

எஞ்சின் எண்ணெய் வாசம் வந்தால் எனக்குக் கூடவே சந்தன வாசமும் வரும். காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் அக்கா ஸ்டெல்லாவும் தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து எஸ்டேட்டில். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே கடையில் சிரிப்பார்கள். பெரிய மனநல மருத்துவமனை அங்கேதான். "லீவு குடுத்தாங்களா?" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அக்கா பன்னிரண்டு வயதிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். மரத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பாலின், அந்த ஒட்டுப்பாலின், நாற்றம் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. எத்தனை முறை சீயக்காய் போட்டாலும் அக்காவின் தலைமுடியை விட்டுப் போகாது. நான் மூன்றாம் படிவம் வரை போனது அந்த நாற்றத்தில்தான்.

எஸ்டேட்டில் கல்யாணம் என்றால் ஒட்டுப்பால் ஏற்றுகிற லோரியைக் கழுவிக் கொடுப்பார்கள். பெண் முன்னால், சனம் பின்னால். தன் கல்யாணத்துக்கு அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த லோரில நான் கோயிலுக்குப் போகமாட்டேன் தம்பி. அன்னிக்கு ஒரு நாளாவது அந்த நாத்தம் இல்லாம இருக்கணும்."

"கார்ல போலாம்க்கா" என்றேன். என்னிடம் அப்போது சைக்கிள் இருந்தது.

ஈப்போவிலேயே புந்தோங்கில் இருந்த சுப்பையா அண்ணனிடம் பழைய கார் ஒன்றை வாங்கினேன். அவர் மனைவி லெட்சுமி அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்டீரிங்குக்கும் மீட்டர் கண்ணாடிக்கும் பொட்டு வைப்பவர். நாலு வருஷப் பொட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, ஐந்து காசு கனத்துக்கு இறுகியிருந்தது. நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். அம்மா மனம் சங்கடப்படுமே என்று கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, எஸ்டேட் வீட்டு வாசலில் நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்தேன்.

கீழே பட்டாணி அளவில் ஒரு விளக்கு. சாவியைத் திருப்பியதும் சிவப்பாக எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையவில்லை. எண்ணெய் அழுத்தம் இல்லை என்பதற்கான விளக்கு. அப்படியே ஓட்டினால் எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றுவிடும்.

அம்மா ஜெபமாலையோடு வாசலுக்கு வந்தார், விளக்கைப் பார்த்தார்.

"பொட்ட அழிச்சியா?"

"ஆமாம்மா."

"அழிச்சதும்தான சிவப்பு எரியுது, திரும்ப வெச்சிரு. ஃபாதர் காருக்குள்ளயா எட்டிப் பாக்கப் போறாரு? வெக்காட்டி நான் ஏறமாட்டேன்."

அக்கா விளக்கையே பார்த்தாள். "லோரிக்குச் சொல்லிரவா?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. டாக்சிகளையெல்லாம் வேறு கல்யாணங்களுக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

மறுநாள் வேலை முடிந்து, எரிகிற விளக்கோடு, புந்தோங்குக்கு மெதுவாக ஓட்டிப் போனேன். குறை சொல்ல வந்தவன் என்று நினைப்பாரோ என்று சுப்பையா அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்றேன். அண்ணன்தான் வந்து எட்டிப் பார்த்தார்.

"அங்க ஒரு லைட்டு இருக்கா?" என்றார்.

நாலு வருஷம் ஓட்டியவர்.

"கண்ணாடில அது என்னன்னு அன்னைக்கே கேட்டேன்லா" என்றார் லெட்சுமி அக்கா உள்ளேயிருந்து. "டிசைன்னு சொன்னீங்க."

பின் சந்தில், தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் சீன முதலாளி ஒருவரின் பட்டறை. எண்ணெய்க் குச்சியை உருவினார்; எண்ணெய் அளவு சரி. முகர்ந்தார், பெட்ரோல் வாடை இல்லை. எஞ்சின் பக்கவாட்டில் இருந்த, அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்சின் வயரைப் பிடுங்கினார், விளக்கு அணைந்தது. வயர் நல்ல வயர். மீதி இரண்டுதான்: சுவிட்ச் கெட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின். சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு மீட்டரை முறுக்கி, எஞ்சினை ஓடவிட்டார். அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் மாதாவை வேண்டினேன். அண்ணன் யாரை வேண்டினாரோ.

ஊசி ஏறி நின்றது. நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தோம். கொஞ்சம் இறங்கி, மறுபடி நின்றது.

"எஞ்சின் பாகுஸ். சுவிஸ் ரோசாக்" என்றார் தவுக்கே மலாயில். எஞ்சின் நல்லா இருக்கு, சுவிட்ச்தான் கெட்டுப்போச்சு. புதுசு திங்கட்கிழமைதான் வரும். அதுவரை விளக்கு எரிந்தாலும் பயமில்லை.

அண்ணன் மூச்சு விட்டார். "அப்ப என்ன தம்பி, ஓட்டுங்க."

"அம்மா அதப் பாத்தா ஏறமாட்டாங்க அண்ணே."

லெட்சுமி அக்கா உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் வந்தார். விரலை நீட்டியவர் நிறுத்தினார். "நீங்க வேதக்காரங்களாச்சே. வெக்கலாமா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "வெச்சிருங்கக்கா" என்றேன்.

சனிக்கிழமை அக்கா வெள்ளைச் சேலையில் வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அம்மா பொட்டைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், பின்னால் ஏறினார். லோரி சனத்தோடு எங்கள் பின்னால் வந்தது.

"லைட்டு?" என்றாள் அக்கா மெதுவாக.

"எரியுது. எஞ்சின் நல்லா இருக்கு. சுவிட்ச்தான்."

அக்கா மூச்சை இழுத்தாள். "சந்தன வாசம்" என்றாள். ஈப்போ வரும்வரை சன்னல் கண்ணாடியை இறக்கவே இல்லை.

கோயில் வாசலில் கார் கதவைத் திறந்தவர் ஃபாதர். காருக்குள் எட்டிப் பார்த்தார். பொட்டையும் பார்த்தார்.

"யார் வண்டி?"

"என்னுதுதான் ஃபாதர்."

"நல்லா ஓடுதா?"

"ஓடுது ஃபாதர்."

எஸ்டேட் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். ஒட்டுப்பால் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது. தவுக்கேயின் பட்டறையில் கைப்பேசி உறை விற்கிறார்கள். சுப்பையா அண்ணனும் லெட்சுமி அக்காவும் இல்லை. மகள் காரில் பொட்டு வைக்க இடமும் இல்லை. திரையில் விரல் பட்டால் பாட்டுப் பாடுகிறது.

கல்யாணத்துக்கு மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்து பொட்டைத் துடைத்தேன். சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவில்லை. பல்பு போயிருந்தது. பல்புதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லவில்லை.