போபோடியில் அக்கா ஊன்றிய மரம்

2007 மார்ச், வெள்ளிக்கிழமை காலை புனே ஸ்டேஷனில் இறங்கினேன். அக்கா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவள் கல்யாணத்துக்கு எங்கள் முசிறி வீட்டுக் கல்யாண முருங்கையில்தான் பந்தக்கால் வெட்டினோம். அதில் ஒரு துண்டை ரயிலில் கொண்டுவந்து போபோடி வீட்டில் ஊன்றினாள். பிடித்துக்கொண்டது. அந்த மரத்தில் ஒரு கொம்பு வாங்கிவரத்தான் அம்மா என்னை அனுப்பினாள். நடுவதற்குக் குழியும் வெட்டிவிட்டாள்.

போபோடிக்கு பஸ்ஸில் ஆறு ரூபாய். அக்கா வீட்டுக்காரர், மாமா, கதவைத் திறந்தார்.

"வா மாப்ளே. ரொம்ப எளச்சிட்ட."

"நீங்க மட்டும் என்னவாம்?"

பின்பக்கம் போனேன். இந்த மாதத்தில் மரம் சிவப்பாகப் பூத்து நிற்க வேண்டும். ஒரு பூ இல்லை. இலைகள் விரியாமல் வீங்கி, மடக்கிய விரல்கள் மாதிரி தொங்கின. கட்டி கட்டியாக இருந்தது, கட்டிதோறும் ஊசித் துளை. பக்கத்து மாமரத்தில் மைனாக்கள் கத்தின. இதில் ஒன்றும் உட்காரவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து மாவுஷி, பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மா, இந்தியில் கத்தினாள். தொடாதே, உன் அக்கா அதில் இருக்கிறாள் என்று.

"மாவுஷிக்கு குக்கர் விசிலடிச்சாலும் பேய்தான்" என்றார் மாமா. "இது குளவிடா. கொசுவவிடச் சின்னது. வெளிநாட்டுலேர்ந்து வந்துச்சாம். இந்த ஜாதி மரத்துலதான் முட்ட வைக்குமாம். உங்கக்கா படுக்கறதுக்கு முன்னாடியே இது படுத்துடுச்சு."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"ஒரு போன்ல எத்தன சாவுடா சொல்றது?"

எனக்கு மனசு கேட்கவில்லை. இருப்பதில் நல்ல கொம்பாக வெட்டினேன். நுனித் துளிரை மட்டும் விட்டு மற்ற இலைகளைக் கிள்ளி, ஈரச் சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன்.

விடிந்து பார்த்தால் பைக்கு உள்பக்கம் தூசி படிந்திருந்தது. அந்தத் தூசி ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் இறக்கை. சத்தமே இல்லை.

"ஊருக்கு எடுத்துட்டுப் போறியா?" மாமா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அங்க மரம் நல்லாருக்கு மாமா."

மாவுஷியின் வெந்நீர் அடுப்பில் பையோடு போட்டோம். அவள் விறகை உள்ளே தள்ளிவிட்டாள். அக்கா வெட்டியது மாதிரியே அதே முழ நீளத்துக்கு வெட்டியிருந்தேன். எரிந்து முடிகிறவரை நானும் மாமாவும் நின்றோம்.

ஞாயிறு சாயங்காலம் முசிறி. எங்கள் மரம் சிவந்து கிடந்தது. மைனாக்கள் பூவுக்கு அடித்துக்கொண்டன. அம்மா குழிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"கொம்பு எங்கடா?"

சொன்னேன். அவள் அழவில்லை.

"வாசல்லயே நில்லு. உள்ள வராத."

சாவு வீட்டுக்குப் போய்வந்தவனுக்கு ஊற்றுவது மாதிரி, தெருவிலேயே என் தலையிலும் பயணப் பையிலும் குடம் குடமாக ஊற்றினாள். பிறகு ஈரக் கையோடு மரத்தடிக்குப் போய், எட்டுகிற இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.