மறுபடி இறுகிய அரைஞாண் கயிறு

முதல் சர்க்கரைப் பரிசோதனைக்காக அரியலூர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன். ஊசி குத்துவதற்கு முன்பே என் பதினாறாம் நாள் காரியத்துக்கு மனத்துக்குள் பந்தி போட்டு முடித்திருந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் நல்ல பருமன், சாந்தமான முகம். சட்டைக்குள் கையை விட்டு அரைஞாண் கயிற்றை அடிக்கடி இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"புதுக் கயிறுதாங்க, மறுபடி இறுக்குது. காதுல குரல் கேக்குற வியாதிக்கு மாத்திரை சாப்புடுறேன். குரல் நின்னுடுச்சு, பசி வந்து ஒட்டிக்கிச்சு. இப்ப சர்க்கரையும் வந்துடுச்சு."

"மாத்திரைய நிறுத்திட வேண்டியதுதானே?" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

"ஒருக்கா நிறுத்துனேங்க. தொப்பை கொறஞ்சுச்சு. ஆனா எம் மவ போட்ட சோத்துல வெசம் இருக்குன்னு குரல் சொல்லுச்சு. தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டேன். அதுக்கு இந்தத் தொப்பையே தேவலாம். வேற மாத்திரை இருக்கான்னு டாக்டர்கிட்ட கேக்கணும். உங்களுக்கு என்னங்க?"

"பயம்."

"அதுக்கு மாத்திரை வேணாம். குத்தும்போது அந்தப் பக்கம் பாத்துக்குங்க."

எனக்குச் சர்க்கரை இல்லையாம். பந்தியை ரத்து செய்தேன். ஆனாலும் குளிக்கும்போது என் கயிற்றை இழுத்துப் பார்க்கிறேன். அவருக்கு வேறு மாத்திரை கிடைத்திருக்குமா? மகள் போடும் சோற்றை அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவருடைய கயிறு கொஞ்சம் தளர்ந்திருக்குமா?