அந்தோணி திருத்திய விடைத்தாள்

வல்லக்கோட்டையில் கம்பெனி பஸ் ஏறியதும் டிரைவர் சொன்னார்: "அந்தோணி சார் பூட்டாருணா. ஹார்ட் அட்டாக்காம்."

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையின் பயிற்சி அதிகாரி. என்னைவிட மூன்று வயது இளையவர். ஷிப்ட் முடிந்ததும் ஆங்கில இலக்கணம் நடத்துவார். ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பேற்கும் லைன் லீடர் பதவிக்கான தேர்வில் ஆங்கிலமும் உண்டு என்பதால், வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் 'எவ்ரிஒன்' என்று பலகையில் எழுதினார். எல்லோரையும் குறித்தாலும் அது ஒருமை, ஆகவே பின்னால் 'அவனுடைய' என்னும் 'ஹிஸ்'தான் வரவேண்டும் என்றார். தென்காசிக்காரி பேச்சியம்மாள் எழுந்தாள். "எங்க லைன்ல ஒரு ஆம்பளகூட கெடையாதே சார். பொறவு எப்படி ஹிஸ்?" வகுப்பே சிரித்தது. அந்தோணியும் சிரித்துவிட்டு, "புக்ல அப்டித்தாம்மா கீது" என்று தப்பித்துக்கொண்டார்.

தேர்விலும் அந்தக் கேள்வி வந்தது. 'எவ்ரிஒன்' கையுறை அணிய வேண்டும், யாருடைய கையுறை? நான் 'ஹிஸ்' என்று எழுதினேன். பேச்சி, 'அவர்களுடைய' என்னும் 'தெயர்' எழுதினாள். அந்தோணி சிவப்பு மையில் அதை அடித்துவிட்டார். அரை மதிப்பெண் வித்தியாசத்தில் லீடர் பதவி எனக்கு வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

மூன்றாம் நாள், ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் கூடி நிற்கும்போது அந்தோணி வந்தார். "பேச்சி கேட்டது மண்டையில கொடைஞ்சிகினே இருந்துச்சு. வேற புக்கெல்லாம் பார்த்தேன். தெயரும் சரிதான். தப்பு பேச்சியோடது இல்ல, என்னோடது."

"ரிசல்ட் போட்டாச்சே, விடுப்பா" என்றார் மேனேஜர்.

"செவப்பு மையில போட்டுட்டா தப்பு சரியாயிடுமா சார்?"

பதவி பேச்சிக்குப் போனது.

நான்கு மாதம் நான் அவரிடம் பேசவில்லை. மனுஷர் விடவில்லை. தினமும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பார். "உக்காருணா. கோவத்த நின்னுகினேதான் படணுமா?" ஐந்தாம் மாதம் உட்கார்ந்தேன். அடுத்த தேர்வுக்கு என்னைத் தயார் செய்ததும் அவர்தான். தேறினேன்.

அவரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. விடைத்தாள் கைக்கு வந்த அன்று பேச்சி அதை என்னிடம் நீட்டி, "அண்ணே, இது தப்பா?" என்று கேட்டாள். "தப்புதான்" என்றேன். என் மெஷினுக்கு மேலே தொங்கிய ஆங்கிலப் பாதுகாப்புப் பலகையில் 'எவ்ரிஒன்' என்பதற்குப் பின்னால் 'தெயர்' என்றே இருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்தேன். பதவி ஆசையில் வாயை மூடிக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் பேச்சி தன் லைன் பெண்களோடு வந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் அவளிடம் இதைச் சொன்னேன். அவள், "அவரு இருக்கையிலேயே சொல்லிருக்கலாம்லாண்ணே" என்றாள்.

செய்த தப்பை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்வது அவரிடமிருந்து எனக்கு வந்தது. அவருக்கு அதற்கு மூன்று நாள் போதுமாயிருந்தது. எனக்கு, அவர் சாக வேண்டியிருந்தது.